பாரிமுனையில் நின்று பிற்கால ரோமைப் படிப்பது எப்படி

கோயில் பிராகாரத்தில் எரியும் டியூப்லைட்டை நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிக் குழாயின் மேலேயே "உபயம்" என்று எழுதி, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், சில சமயம் தெருப் பெயர் வரை போட்டிருக்கும். மின்விசிறி இறக்கை, குடிதண்ணீர்த் தொட்டி, நிழற்குடை, குளத்துப் படிக்கட்டு என்று எங்கே பார்த்தாலும் இந்தச் சொல் கண்ணில் படும். பிற்கால ரோமானிய உலகத்தில் நகர வாழ்க்கை எப்படி மாறியது என்று புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், பெயரை எங்கே எழுதி வைத்தார்கள்? ஏறக்குறைய கி.பி. 250-க்கும் 650-க்கும் நடுவில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் அடியோடு மாறிப்போனது. தெரு, தண்ணீர், சுவர், கல்லறை எல்லாம் அதோடு சேர்ந்து மாறின.

பள்ளியில் படித்தவர்களுக்கு 410, 455, 476 என்று மூன்று ஆண்டுகள் மனப்பாடமாக இருக்கும். ரோமை அலாரிக் சூறையாடியது, வாண்டல்கள் சூறையாடியது, மேற்கில் கடைசிப் பேரரசன் பதவி இறக்கப்பட்டது. இந்த ஆண்டுகளை இன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஓரமாக வையுங்கள். அவை அரியணைக்கு நேர்ந்ததைச் சொல்கின்றன. காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி வாங்கி, மத்தியானம் குளியலகத்துக்குப் போய்விட்டு வந்த ஒரு சாதாரண ஆளுக்கு என்ன மாறியது என்று அவை சொல்லாது.

நான் சொல்லப்போவது இரண்டு அரை நாள் வேலை. ஒரு நோட்டு, தண்ணீர் பாட்டில், செயற்கைக்கோள் படம் காட்டும் செல்போன், ஒரு அடையாள அட்டை இவ்வளவு போதும். சென்னையில் நடப்போம், மனதில் ரோமானிய ஊர் ஒன்றை வைத்துக்கொள்வோம். அந்த ஊராக ரோம் நகரத்தையே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எந்தக் காலத்திலும் மற்ற ஊர்களைப் போல இருந்ததில்லை. இன்றைய துருக்கியில் இருக்கும் எபேசு, அந்தியோக்கியா, இன்றைய இஸ்ரேலில் பெத்சான் என்றழைக்கப்படும் ஸ்கிதோபோலிஸ் மாதிரி நடுத்தரமான அல்லது பெரிய மாகாண நகரம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரோமுக்கும், கிழக்கின் தலைநகரமான கான்ஸ்டான்டிநோபிளுக்கும் (இன்றைய இஸ்தான்புல்) நடுநடுவே போய்வரலாம்.

முதலில் உபயத்தைத் தேடுங்கள்

2-ஆம் நூற்றாண்டு ரோமானிய நகரத்தில் உபயதாரர் என்றால் அந்த ஊர்ப் பணக்காரக் குடும்பம். நாடக அரங்கு, குளியலகம், நூலகம், தூண் வரிசை, திருவிழாச் செலவு எல்லாம் அவர்கள் கையிலிருந்து வரும். பதிலுக்கு நகரசபையில் இடம், சந்தைவெளியில் சிலை, சிலையின் பீடத்தில் கல்வெட்டு. ஊர் நடுவில் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தப் பளிங்கு நகரங்களைக் கட்டியது என்றே சொல்லலாம். கல்வெட்டுகளின் எண்ணிக்கையை நூற்றாண்டு வாரியாக எடுத்துப் பார்த்தால் 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் சடாரென்று சரிவது பல மாகாணங்களில் தெரியும்.

ஏன் சரிந்தது? நகரசபை உறுப்பினர்களை கூரியாலிஸ் என்பார்கள். மரியாதைக்குரிய பதவிதான், ஆனால் பேரரசுக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான் இருந்தது. வசூல் குறைந்தால் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டும். 3-ஆம் நூற்றாண்டில் ஓயாத போர், வெள்ளி நாணயத்தில் வெள்ளியே இல்லாமல் போனது, படைச் செலவு ஏறிக்கொண்டே போனது. 4-ஆம் நூற்றாண்டில் நகரங்களுக்குச் சொந்தமான நிலங்களின் வருமானத்தையும் பேரரசே எடுத்துக்கொண்டது. பேரரசன் ஜூலியன் திருப்பிக் கொடுக்க முயன்றான், அவனுக்குப் பின் வந்தவர்கள் ஒரு பங்கை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். கௌரவத்துக்காக ஓடிவந்து உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எப்படியாவது எழுந்து போய்விட வேண்டும் என்று மனிதர்கள் தவித்த காலம் அது.

இதற்குச் சான்று வேண்டுமானால் 438-இல் வெளியான தியோடோசியன் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். அதில் நகரசபை உறுப்பினர்களைப் பற்றி மட்டுமே 190-க்கும் மேற்பட்ட ஆணைகள் இருக்கின்றன. படையில் சேர்ந்து தப்பிக்காதே, குருவாகித் தப்பிக்காதே, கிராமத்துப் பண்ணையில் போய் ஒளியாதே, அப்பன் உட்கார்ந்த இடத்தில் மகனும் உட்கார வேண்டும். இந்த இடத்தில் ஒரு பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள், கடைசி வரை உதவும்: ஒரே ஆணை திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டால் அது நடைமுறைக்கு வரவில்லை என்று அர்த்தம். நம் தெருவில் "இங்கே குப்பை கொட்டாதீர்" என்ற பலகை எங்கே இருக்கிறதோ அங்கேதான் குப்பை இருக்கும். சட்டத்தைப் பலகையாகப் படியுங்கள், ஊர் தெரியும்.

பெரும் பணக்காரர்கள் பேரரசின் செனட்டர் பட்டம் வாங்கிக்கொண்டு விலகினார்கள். மிச்சமிருந்த நடுத்தரக்காரர்களால் தாங்க முடியவில்லை. 6-ஆம் நூற்றாண்டுக்குள் பல ஊர்களில் சபை பெயரளவுக்கு ஆகிவிட்டது. ஆளுநர், ஆயர் (கிறிஸ்தவ பிஷப்), ஒரு சில பெருநிலக்காரர்கள் கூடிப் பேசி முடிப்பதே நிர்வாகம் என்றானது.

இதை உணர்ந்து பார்க்க சென்னையில் ஒரு பயிற்சி உண்டு. சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. ஆனால் 1973-லிருந்து 1996 வரையும், மறுபடி 2016-லிருந்து 2022 வரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். உங்கள் தெருவில் எழுபது வயது தாண்டிய ஒருவரிடம் போய், "அப்போது தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள் பெரியப்பா?" என்று கேளுங்கள். கேட்ட பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும், தட்ட வேண்டிய கதவு மட்டும் வேறாக இருந்திருக்கும். அந்தியோக்கியாவில் 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்தவருக்கும் அதே அனுபவம்தான். ஒப்பீட்டை அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் நம் கவுன்சிலர் யாரும் வரிப் பாக்கியைச் சொந்தக் காசில் கட்டியதில்லை.

சரி, அந்தப் புதிய கதவு யாருடையது? பெரும்பாலும் ஆயருடையது. 374-இல் மிலான் நகரத்தில் ஆயர் தேர்தலில் கலவரம் வராமல் பார்த்துக்கொள்ளப் போன ஆளுநர் அம்புரோசையே மக்கள் ஆயராகத் தேர்ந்தெடுத்தார்கள்; அப்போது அவர் ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. ஊரை நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்றால் இனி எந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டது. 387-இல் அந்தியோக்கியாவில் புதிய வரியைக் கேட்டுக் கொதித்த கூட்டம் பேரரசக் குடும்பத்தின் சிலைகளை உடைத்துத் தெருவில் இழுத்தது. தண்டனையாக நகரத்தின் தலைமைத் தகுதியைப் பறித்தார்கள், குளியலகங்களையும் அரங்குகளையும் மூடினார்கள். ஊருக்காக மன்னிப்புக் கேட்கக் குளிர்காலத்தில் கான்ஸ்டான்டிநோபிள் வரை போனது வயதான ஆயர் பிளாவியன். நூறு வருடம் முன்னால் என்றால் நகரசபையின் தூதுக்குழுதான் முன்னால் நின்றிருக்கும்.

உபயமும் ஆயரைப் பின்தொடர்ந்து தேவாலயத்துக்குள் போனது. இத்தாலியில் கிராடோ என்ற ஊரில் 6-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றின் மொசைக் தரையில் இன்னார் குடும்பத்தோடு இத்தனை அடி தரை செய்து கொடுத்தார் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. படைவீரர், எழுத்தர், தேவாலயப் பணியாளர் போன்றவர்கள்தான் கொடுத்தவர்கள். முதல் தடவை அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கோயில் டியூப்லைட்தான் நினைவுக்கு வந்தது, கண் கலங்கியது. 2-ஆம் நூற்றாண்டில் ஒரு கோமான் முழு அரங்கையும் கட்டித் தன் பெயரைப் போட்டான்; 6-ஆம் நூற்றாண்டில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்த ஒரு எழுத்தர் நாலைந்து அடி தரைக்குத் தன் பெயரைப் போட்டார். இதை வெறும் வீழ்ச்சி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

வாங்கிக்கொண்டவரும் மாறினார். பழைய ஏற்பாட்டில் குடிமகனுக்குத்தான் கொடை. பல ஊர்களில் சபை உறுப்பினருக்குப் பெரிய பங்கு, சாதாரண ஆளுக்குச் சின்னப் பங்கு என்று பகிர்ந்தார்கள். ஏழை என்பதற்காகக் கொடுப்பது வழக்கமில்லை. 370-களில் கப்பதோக்கியாவின் செசரியாவில் ஆயர் பாசில் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் கட்டிய வளாகம் ஒரு புது நகரம் மாதிரி இருந்தது என்று அவருடைய நண்பரே எழுதி வைத்திருக்கிறார். விதவை, அநாதை, நோயாளி என்ற பெயர்கள் நகரத்தின் கணக்கில் ஏறியது இந்தக் காலத்தில்தான். கொடைக் கல்வெட்டைப் படிக்கும்போது கொடுத்தவர் பெயரோடு நிறுத்தாமல் யாருக்குக் கொடுத்தார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் தெருவுக்கு வாருங்கள்

என்.எஸ்.சி. போஸ் சாலையில் பூக்கடைப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். கடைகள் திறக்கும் முன்னால் தெருவின் உண்மையான அகலம் எவ்வளவு என்று காலால் அளந்து எழுதுங்கள். வேலைநாளில் பதினொரு மணிக்கு மறுபடி வந்து அதே இடத்தில் அளவெடுங்கள். கடையின் படி, படிக்கு முன்னால் மேஜை, மேஜைக்கு மேலே தார்ப்பாய், தார்ப்பாய்க்கு முன்னால் கூடை வைத்து உட்கார்ந்த அம்மா என்று தெரு எப்படிப் படிப்படியாக உள்ளே வந்திருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது கிழக்கு ரோமானிய நகரத்தின் முக்கியத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வண்டிப் பாதை, இரண்டு பக்கமும் தூண் வரிசை, தூணுக்குப் பின்னால் கூரையிட்ட நடைபாதை, அதற்குப் பின்னால் கடைகள். எபேசில் துறைமுகத்துக்குப் போகும் தெருவைப் பேரரசன் ஆர்க்கேடியஸ் காலத்தில், அதாவது 400-ஐ ஒட்டி, புதுப்பித்தார்கள்; அந்தத் தூண் வரிசையில் ஐம்பது விளக்குகள் எரிந்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. அந்தியோக்கியாவிலும் இரவில் தெருவிளக்கு இருந்ததை அந்த ஊர்க்காரரான லிபானியுஸ் பெருமையாக எழுதியிருக்கிறார். கடைக்காரர்கள் முதலில் தூண்களுக்கு நடுவே பலகை வைத்தார்கள், அப்புறம் மரத் தடுப்பு, அப்புறம் செங்கல் சுவர். நூறு இருநூறு வருடத்தில் நடைபாதையும் பாதித் தெருவும் கடையாகி, மிச்சம் ஒரு சந்து ஆனது. வளைந்து நெளிந்த கடைவீதி பிறந்த கதை இதுதான். பொது இடத்தை ஆக்கிரமிக்காதே என்ற ஆணைகளும் அதே சட்டத் தொகுப்பில் இருக்கின்றன. பலகை விதியை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

இந்த மாற்றத்துக்கு என்ன பெயர் வைப்பது? நானும் பல வருடம் இதைச் சீரழிவு என்றுதான் நினைத்திருந்தேன். அகலமான நேர்த் தெரு நாகரிகம், நெருக்கமான சந்து அநாகரிகம் என்று எங்கேயோ ஊறிப்போயிருந்தது. ரங்கநாதன் தெருவில் ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது. ஊரிலேயே காசு அதிகம் புரளும் தெரு, ஊரிலேயே நெருக்கமான தெருவாகவும் இருக்கிறதே! ஸ்கிதோபோலிசைத் தோண்டியவர்களுக்கும் இப்படித்தான் தெரிந்தது. 749-இல் வந்த நிலநடுக்கம் கடைவீதியை அப்படியே அமுக்கிவிட்டது. அதற்குள் அகப்பட்டவை பொருட்கள் நிறைந்த, வியாபாரம் நடந்துகொண்டிருந்த கடைகள். தெருவைக் காக்க ஒரு நகரசபை இல்லை என்பது உண்மை. தெரு செத்துப்போனது என்பது உண்மையில்லை. வண்டிக்குப் பதில் ஒட்டகமும் கழுதையும் சுமை தூக்கத் தொடங்கியதால் அகலத் தெரு தேவைப்படவில்லை என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வதும் நினைவில் இருக்கட்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படியே சமாதானம் சொல்லிவிடவும் கூடாது. துனிசியாவின் சுபைத்லாவில் தெருவின் மேலேயே எண்ணெய்ச் செக்கு கட்டியிருக்கிறார்கள். எபேசின் மலைச்சரிவில் சுவரோவியத்தோடும் பளிங்கோடும் இருந்த பணக்கார வீடுகள் இடிந்த பிறகு அங்கே நீர்ச்சக்கர ஆலைகளும் கல் அறுக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. ஒரு படத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே கூட்டம் கூடியதால் இடம் நெருங்கியதா, ஆள் போய்விட்டதால் இடம் காலியாகி வேலைக்கு வந்ததா? முதலாவதற்குப் பல கடைகள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவதற்கு ஒற்றைச் செக்கு, ஒற்றைச் சூளை, சுற்றிலும் இடிபாடு.

தண்ணீரைக் கேளுங்கள்

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை. ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் குடியிருப்பில் தண்ணி லாரி வரும் நேரம்தான் சமையல் நேரம், குளிக்கும் நேரம், துணி துவைக்கும் நாள் எல்லாவற்றையும் முடிவு செய்தது. இரவு இரண்டு மணிக்கு லாரி வந்தால் இரண்டு மணிக்குத் தெருவே விழித்திருக்கும். மேல்மாடிக்காரர்கள் சிலர் கீழ்வீட்டுக்குக் குடிமாறினார்கள். தண்ணீர் வரும் வழி மாறினால் ஊரின் கடிகாரமும் வரைபடமும் மாறும் என்பதை என் உடம்பே அறியும்.

537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் நகரத்துக்கு வரும் நீர்க்கால்வாய்களை வெட்டினார்கள். மாபெரும் குளியலகங்களின் காலம் அதோடு முடிந்தது. ஆனால் முதலில் வந்த சிக்கல் குளியல் இல்லை, மாவு! ஜனிகுலம் குன்றில் இருந்த மாவு ஆலைகள் அந்தக் கால்வாய்த் தண்ணீரில்தான் ஓடின. உள்ளே இருந்த கிழக்கு ரோமானியத் தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி, இரண்டு படகுக்கு நடுவில் சக்கரம் வைத்து ஆற்றோட்டத்திலேயே மாவரைத்தான். முற்றுகை முடிந்த பிறகும் ஆற்று ஆலை நூற்றாண்டுகள் தொடர்ந்தது. சில கால்வாய்களைப் பழுது பார்த்தாலும் பழைய அளவுக்குத் தண்ணீர் வரவில்லை. மக்கள் மெல்ல மெல்லக் குன்றுகளை விட்டுவிட்டு ஆற்று வளைவுப் பக்கம் இறங்கினார்கள். ஆகஸ்டஸ் காலத்தில் பத்து லட்சத்தைத் தொட்டதாக மதிப்பிடப்படும் நகரம் 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் சில பத்தாயிரம் பேர் வாழும் இடமாக ஆனது, பழைய மதில்களுக்குள்ளேயே தோட்டமும் திராட்சையும் முளைத்தன.

கான்ஸ்டான்டிநோபிளின் நீர்க்கணக்கு வேறு. அங்கே 373-இல் முடிந்த வாலன்ஸ் கால்வாயை 626 முற்றுகையில் அவார்கள் வெட்டினார்கள்; அதைச் சீர் செய்தது 766-இல்தான். நூற்று நாற்பது வருடம் ஒரு தலைநகரம் பெரிய கால்வாய் இல்லாமல் ஓட்டியது. நிலத்தடித் தொட்டிகள் இருந்தன என்பது ஒரு காரணம், குடிக்க ஆளே குறைந்துபோயிருந்தார்கள் என்பது இன்னொரு காரணம். 541-இல் எகிப்தில் தொடங்கி அடுத்த ஆண்டு தலைநகரத்தைத் தாக்கிய கொள்ளைநோய் ஒருபக்கம். 332-லிருந்து தினம் 80,000 பங்கு இலவச ரொட்டி கொடுத்த ஏற்பாடு, பாரசீகர்கள் எகிப்தைப் பிடித்ததால் 618-இல் நின்றுபோனது இன்னொருபக்கம். ரொட்டிக்காகத் தங்கியிருந்தவர்கள் ரொட்டி நின்றதும் எங்கே போவார்கள்?

சென்னையில் இதற்குப் பயிற்சி: ஏழுகிணறு தெருவுக்குப் போங்கள். 1772-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த ஏற்பாட்டின் பெயர் அது. அங்கிருந்து செல்போன் வரைபடத்தில் மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலையைத் தேடுங்கள். ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை எழுப்பினார்கள், கரை மட்டும் பெயரில் நிற்கிறது. தெருப் பெயர் பழைய நீர்வழியைக் காட்டிக்கொடுக்கும். ரோமானிய ஊரின் வரைபடத்திலும் கால்வாய் எங்கே நுழைகிறது, தேவாலயங்களும் வீடுகளும் 7-ஆம் நூற்றாண்டில் எங்கே கூடியிருக்கின்றன என்று இரண்டு நிறத்தில் குறியுங்கள்.

சுவரும் கல்லும்

வால்டாக்ஸ் சாலை என்று தினமும் சொல்கிறோம். 1760-களிலும் 70-களின் தொடக்கத்திலும், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலுக்காக வரி போட நினைத்ததில் வந்த பெயர் அது. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் சாலைப் பக்கம் மாடிப் பூங்காவாக இன்றும் இருக்கிறது. மேலே ஏறி நின்று பாருங்கள். மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார் என்று கோடு போட்டுப் பிரித்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். கோட்டையை ஒட்டியிருந்த முதல் கறுப்பர் நகரத்தை, எதிரி மறைந்து வர இடம் கொடுக்கக் கூடாது என்று 1750-களில் இடித்துத் தள்ளி வெறும் திடலாக்கினார்கள். திடலின் எல்லையைக் காட்டும் கல் தூண் பாரிமுனையில் மிஞ்சியிருக்கிறது. இடித்த ஊரின் மேல்தான் உயர் நீதிமன்றம் நிற்கிறது.

ரோம் நகரமே நீண்ட காலம் புதிய மதில் கட்டாமல் இருந்தது. எல்லை தூரத்தில் பத்திரமாக இருக்கும்போது மதில் எதற்கு? 271-இல் ஆரேலியன் ஏறக்குறைய 19 கிலோமீட்டர் மதிலை அவசரமாகத் தொடங்கினான். வழியில் இருந்த செஸ்தியுஸின் பிரமிடு கல்லறையையும் மதிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஏதென்சில் 267-இல் ஹெருலிகள் என்ற படையெடுப்பாளர்கள் தாக்கிய பிறகு சந்தைவெளியின் தூண்களையும் சிலைப் பீடங்களையும் பிடுங்கி மதிலில் அடுக்கினார்கள். மதிலுக்குள் அடங்கியது பழைய நகரத்தின் ஒரு சின்னப் பகுதி மட்டுமே. பிரான்சின் தூர் நகரத்தில் வட்டரங்கமே மதிலின் பகுதியானது. ஆர்லில் வட்டரங்கத்துக்குள் ஒரு ஊரே குடியேறி, 200-க்கும் மேற்பட்ட வீடுகள் 19-ஆம் நூற்றாண்டு வரை இருந்தன.

இடம் மாறிய கல்லைக் கண்டுபிடிப்பதுதான் இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்துக்கு அடையாள அட்டையோடு போங்கள். முற்றத்துத் தரையில் வரிசையாகக் கல்லறைக் கற்கள் பதித்திருக்கும், ஆனால் கீழே யாரும் புதைந்திருக்கவில்லை. 1758-59 முற்றுகையில் பழைய இடுகாட்டின் கல்லறைகளுக்குப் பின்னால் பிரெஞ்சுப் படை மறைந்துகொண்டதால், முற்றுகைக்குப் பின் கல்லறைகளை இடித்துக் கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து போட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் தேதி, மொழி, எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண் பழகிவிட்டால், 315-இல் கட்டிய கான்ஸ்டன்டைன் வளைவின் படத்தைத் திறந்து பாருங்கள். டிராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் ஆரேலியஸ் காலத்துச் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துப் புதிய வளைவில் பதித்திருப்பது உங்களுக்கே தெரியும்: உருவங்களின் அளவு, உளிவேலை, முகம் எல்லாம் பட்டைக்குப் பட்டை வேறுபடும். நல்ல சிற்பி கிடைக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள், நல்ல பேரரசர்களோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளப் பேரரசன் கான்ஸ்டன்டைன் விரும்பினான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதில் நியாயம் அதிகம் தெரிகிறது, ஏனென்றால் எடுத்த சிற்பங்கள் மூன்றும் மக்கள் மெச்சிய அரசர்களுடையவை.

இறந்தவர்களின் இடத்தையும் இதே நோட்டில் எழுதுங்கள். பழைய ரோமானியச் சட்டப்படி ஊருக்குள் புதைக்கக் கூடாது. கல்லறைகள் ஊருக்கு வெளியே சாலையோரம் வரிசையாக இருக்கும். புனிதர்களின் எலும்புகள் ஊருக்குள் தேவாலயங்களுக்கு வரத் தொடங்கியதும் அவர்களுக்குப் பக்கத்தில் படுக்க எல்லோரும் விரும்பினார்கள். மதிலுக்கு உள்ளே கல்லறை தென்பட்டால் நீங்கள் பிற்காலத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேளிக்கை சீக்கிரம் முடிகிற பகுதி. ரோமின் கொலோசியத்தில் கடைசியாகப் பதிவான மிருக வேட்டை 523-இல், பந்தயத் திடலான சர்க்கஸ் மாக்சிமஸில் கடைசிக் குதிரைத் தேர்ப் பந்தயம் 549-இல். அந்தக் கூட்டம் அதன்பின் தேவாலய ஊர்வலங்களில் தெருவுக்கு வந்தது. தேர் இழுக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த ஊர்வலத்தின் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்று

ஒரு ஊரைப் பார்த்துவிட்டு எல்லா ஊரும் அப்படித்தான் என்று எழுதிவிடுவது. ரோம் சுருங்கிக்கொண்டிருந்த அதே 5-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிள் வீங்கிக்கொண்டிருந்தது. 425-ஐ ஒட்டிய ஒரு பட்டியல் அங்கே தனியார் குளியலகம் மட்டும் 153 என்று கணக்குச் சொல்கிறது. வட சிரியாவின் மலைகளில் செர்ஜில்லா மாதிரிக் கிராமங்கள் ஆலிவ் எண்ணெயும் திராட்சையும் விற்றுக் கல்வீடு கட்டிக்கொண்டன, 473-இல் ஒரு குளியலகமே கட்டினார்கள். கிராமத்துக்காரர் குளியலகம் கட்டும் காலத்தில் பிரிட்டனின் நகரங்கள் காலியாகிக் கிடந்தன. அதனால் நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஊர், நூற்றாண்டு இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள்.

நடையை எழும்பூரில் முடித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் இருக்கும் சாலையின் பெயர் பாந்தியன் சாலை. 18-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் நடனமும் விருந்தும் நடத்திய பாந்தியன் என்ற கேளிக்கை மண்டபம் அங்கே இருந்தது. அரசு அதை வாங்கிக்கொண்டது, 1854-இல் அருங்காட்சியகம் அந்த வளாகத்துக்குக் குடிவந்தது. ரோமில் இருக்கும் பாந்தியன் கோயிலை 609-இல் தேவாலயமாக மாற்றினார்கள், அதனால்தான் அதன் கூரை இன்னும் நிற்கிறது. சிசிலித் தீவின் சிராக்கூசில் அதீனா கோயிலின் தூண்கள் பேராலயச் சுவருக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கின்றன. இடிந்துபோன கட்டடங்களின் பட்டியலைத் தயாரிப்பவர்கள், வேறு வேலைக்கு மாறித் தப்பித்த கட்டடங்களுக்கு இன்னொரு பட்டியல் போட்டாக வேண்டும்.

நாணயப் பிரிவில் ரோமானியக் காசுகளைப் பற்றிக் கேளுங்கள். ஆகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பெரிய தங்க, வெள்ளிக் காசுகளை எல்லோருக்கும் தெரியும். 4, 5-ஆம் நூற்றாண்டுகளின் குட்டிச் செப்புக் காசுகளும் தமிழ்நாட்டில் கிடைத்திருக்கின்றன, கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரைப் பக்கமும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும், எழுத்து தேய்ந்திருக்கும். ரொட்டிக்கடையில் சில்லறையாகப் புழங்கிய காசு அது. கையடக்கமான ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதனால் வேலைநாள் அளவை வியாழனுக்கு வைத்துக்கொண்டால் பூக்கடையில் பதினொரு மணிக்கு அளந்துவிட்டு நேராக எழும்பூர் வந்துவிடலாம்.